கனவு அவருடையது, பில் நம்முடையது

(லண்டன் ஈஸ்ட் ஹாமில் பொங்கல் விழாவை ஒட்டி நடந்த பட்டிமன்றம். தலைப்பு: "கால்பந்து அணியானாலும் நாடானாலும், உயர்வதற்குத் தேவை பெரிய கனவே! சரியான கணக்கே!" இது 'கணக்கே' அணியில் இரண்டாவதாகப் பேசியவரின் உரை.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரே உட்கார்ந்து கனவு கண்டுகொண்டிருக்கும் எதிரணியினருக்கும், சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் பொதுமக்களாகிய என் அணியினருக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பி லெஸ்டர் சிட்டியை வைத்து ஆரம்பித்தார். ஐயாயிரத்துக்கு ஒன்று என்று பந்தயக் கடைக்காரர்களே சிரித்த அணி 2016இல் இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் பிரிவான பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கியதே, கணக்குப் பார்த்திருந்தால் தூக்கியிருக்குமா என்று கேட்டார். பின்னால் வந்த அக்கா இன்னும் ஒரு படி மேலே போய், "ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியே வந்ததால்தானே இந்தியாவோடு தனியாக ஒப்பந்தம் போட முடிந்தது? நம்ம திருப்பூர் பனியனுக்கு வரி போகிறதே, அது கனவா கணக்கா?" என்றார். நல்ல கைத்தட்டல். நானும்தான் தட்டினேன், நன்றாகப் பேசினால் தட்ட வேண்டியதுதானே.

இந்த இரண்டு விஷயத்திலும் எனக்குப் பேசத் தகுதி உண்டு ஐயா. பிறந்தது திருப்பூர். பிழைப்பது கிழக்கு லண்டன். வாங்கி வந்த வரம் வெஸ்ட் ஹாம் கால்பந்து அணி.

சிரிக்கிறீர்கள். சிரிக்கத்தான் வேண்டும். மைதானத்துக்குள் அணி வரும்போது இயந்திரம் வைத்துச் சோப்புக் குமிழி ஊதிவிடும் கிளப் எங்களுடையது. குமிழி என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாமலா ஊதுகிறோம்?

க்ரீன் ஸ்ட்ரீட்டில் புடவைக் கடைக்கும் நகைக் கடைக்கும் பக்கத்திலேயே ஒரு கால்பந்து மைதானம் இருந்தது என்பது இங்கே ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியாது. போலின் கிரவுண்ட். 112 ஆண்டுகள் வெஸ்ட் ஹாம் அங்கேதான் ஆடியது. ஆட்டம் முடிந்தால் அப்டன் பார்க் ஸ்டேஷன் வரைக்கும் தெரு முழுக்கத் தலைதான். குதிரைப் போலீஸ் ஒரு பக்கம், வெங்காயம் வதக்கும் பர்கர் வண்டி ஒரு பக்கம், நடுவில் கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம் மாட்டிக்கொண்டு முழிக்கும். 35,000 பேர்தான் உட்கார முடியும். ஆனால் முதல் வரிசையில் உட்கார்ந்தால் எதிரணி வீரர் த்ரோ எறியும்போது அவர் காதில் விழுகிற மாதிரி திட்டலாம். 2016 மே 10ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை 3-2 என்று ஜெயித்துவிட்டு அந்த இடத்தைக் காலி செய்தோம். இப்போது அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு.

ஏன் காலி செய்தோம்? அடுத்த கட்டத்துக்குப் போகிறோம் என்றார்கள். ஒலிம்பிக் மைதானம், 60,000 இருக்கை, பெரிய வருமானம், பெரிய வீரர்கள், அப்புறம் ஐரோப்பாவின் முதல் தரப் போட்டியான சாம்பியன்ஸ் லீக். போனோம். அது ஓட்டப்பந்தயத்துக்காகக் கட்டிய மைதானம். கோல் போட்டது யார் என்று பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய தூரம்.

அந்த 2016 கோடையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள் ஐயா. மே 2ஆம் தேதி லெஸ்டர் சாம்பியன். மே 10ஆம் தேதி நாங்கள் வீட்டைக் காலி செய்கிறோம். ஜூன் 23ஆம் தேதி இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 51.9 சதவீதம் வாக்களிக்கிறது. என்ன வேண்டுமானாலும் நடக்கும் என்று ஒரு நாடே நம்பிய கோடை அது. ஜூன் 27ஆம் தேதி யூரோ போட்டியில் ஐஸ்லாந்திடம் 2-1 என்று இங்கிலாந்து தோற்றது. கனவு அணியில் யாருமே அந்தத் தேதியை மட்டும் சொல்லவில்லை.

சரி, அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். 2017 நவம்பரில் வெஸ்ட் ஹாம் இரண்டாம் பிரிவுக்குக் கீழே இறங்கிவிடும் நிலையில் டேவிட் மோயஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார்கள். வந்தார், காப்பாற்றினார், பதின்மூன்றாம் இடத்தில் நிறுத்தினார். நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஏனென்றால் அவர் கணக்குப் பார்க்கிற ஆள், எங்களுக்குக் கனவு வேண்டும். மான்செஸ்டர் சிட்டிக்கு லீக் பட்டம் வாங்கித் தந்த மானுவேல் பெல்லெகிரினி வந்தார். அதுவரை கிளப் வரலாற்றிலேயே அதிக விலையாக 45 மில்லியன் பவுண்டு கொடுத்து செபாஸ்டியன் ஹாலெர் என்ற வீரரை வாங்கினார்கள். ஒன்றரை ஆண்டில் பாதி விலைக்கும் குறைவாக அயாக்ஸுக்கு விற்றார்கள். பெல்லெகிரினி 2019 டிசம்பரில் போனபோது அணி பதினேழாம் இடம். அப்புறம் யாரைக் கூப்பிட்டார்கள்? அதே மோயஸை.

வந்த மனிதர் என்ன செய்தார்? பிராகாவின் ஸ்லாவியா அணியில் இருந்து தோமாஷ் சௌசெக்கையும் விளாதிமிர் சௌஃபலையும் கொண்டுவந்தார். சௌஃபலின் விலை ஐந்தரை மில்லியன் பவுண்டுக்குள். ஹாலெரின் விலையில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. போஸ்டரில் போட முடியாத முகம், ஆனால் வலது பக்கம் மேலும் கீழும் மழையிலும் குளிரிலும் ஓடிக்கொண்டே இருப்பார். அடுத்த ஆண்டு ஆறாம் இடம். அதற்கடுத்த ஆண்டு ஏழாம் இடம், ஐரோப்பாவின் இரண்டாம் தரப் போட்டியான யூரோப்பா லீக்கில் அரையிறுதி. 2023 ஜூன் 7ஆம் தேதி கான்ஃபரன்ஸ் லீக் இறுதி ஆட்டம், ஃபியோரென்டினாவோடு. எங்கே தெரியுமா? பிராகாவில், ஸ்லாவியாவின் சொந்த மைதானத்தில். தொண்ணூறாவது நிமிஷம் ஜாரட் போவென் கோல். 43 ஆண்டு கழித்து ஒரு பெரிய கோப்பை.

எதிரணி அக்கா இதைக் கிண்டல் செய்தார். "ஐரோப்பாவின் மூன்றாம் தரக் கோப்பைக்கு இவ்வளவு ஆட்டமா?" என்றார். ஆமாம் அக்கா, மூன்றாம் தரம்தான். எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடினோம். அதைச் சாம்பியன்ஸ் லீக் என்று யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் ஐயா, இந்திய ஒப்பந்தத்துக்கு வரும்போது தேவைப்படும்.

அப்புறம் என்ன ஆச்சு? மோயஸ் ஆட்டம் போர் அடிக்கிறது என்று எங்கள் ஆட்களே சத்தம் போட்டார்கள். கோப்பை வாங்கிய மறு ஆண்டு ஒன்பதாம் இடம் வந்தவரை வழியனுப்பினோம். யூரோப்பா லீக் வென்ற, ரியல் மாட்ரிட்டில் இருந்த ஹூலென் லோபெதெகி வந்தார். அந்தக் கோடையில் 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் செலவு. 2025 ஜனவரியில் அவர் போனார். அடுத்தவர் கிரஹாம் பாட்டர், அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் போனார். அதற்குப் பிறகு நடந்ததை நான் இங்கே சொல்லப் போவதில்லை, சபையில் குழந்தைகள் இருக்கிறார்கள். கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போன கதை நம் ஊரில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், எங்கள் புது மைதானம் இருக்கும் ஸ்ட்ராட்ஃபோர்டிலும் இருக்கிறது.

இப்போது தம்பியின் லெஸ்டருக்கு வருகிறேன். தம்பி, லெஸ்டர் ஜெயித்தது கனவாலா? ஜேமி வார்டி லீக்கிலேயே இல்லாத ஃப்ளீட்வுட்டில் இருந்து வந்தவர், விலை ஒரு மில்லியன் பவுண்டு. ரியாத் மாரெஸ் பிரான்சின் இரண்டாம் பிரிவில் இருந்து அதற்கும் பாதிக்குக் குறைவான விலையில் வந்தவர். என்கோலோ காண்டே அப்போது பிரான்ஸ் தேசிய அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து பார்த்து, எண்ணி, எழுதி எடுத்தார்கள். பயிற்சியாளர் ரானியேரி சீசன் பாதி வரைக்கும் வாயைத் திறந்தால் "40 புள்ளி" என்றுதான் சொன்னார். 40 புள்ளி என்றால் என்ன? கீழே இறங்காமல் தப்பிக்கும் கணக்கு! பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் ஆள், தப்பிப்பதற்கான கணக்கைச் சொல்லிக்கொண்டே போனார். தம்பி, உங்கள் உதாரணத்தை எங்கள் அணிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டீர்கள்.

கனவு அதற்குப் பிறகுதான் வந்தது. இனி நாங்களும் பெரிய அணி, சாம்பியன்ஸ் லீக்தான் எங்கள் இடம் என்று அந்தச் செலவையும் அந்தச் சம்பளத்தையும் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். 2020இல் ஐந்தாம் இடம். 2021இல் மறுபடியும் ஐந்தாம் இடம். அப்போது சாம்பியன்ஸ் லீக்குக்கு நான்காம் இடம் வேண்டியிருந்தது. நடுவில் ஒரு எஃப்ஏ கோப்பை கிடைத்தது, அதை மறுக்கவில்லை. 2023இல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கினார்கள். ஏறினார்கள். 2025இல் திரும்பவும் இறங்கினார்கள்.

கிளப் கதை போதும். நாட்டுக்கு வருகிறேன்.

மைதானத்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் எசெக்ஸில் இருந்து வரும் ஒரு பெரியவர் உட்காருவார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், தலைமுறை தலைமுறையாக வெஸ்ட் ஹாம். 2016இல் வெளியேறத்தான் வாக்களித்தார், அதை மறைத்ததில்லை. அவரோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை, பாதி நேரம் டீயும் அவர்தான் வாங்கித் தருவார். அவரிடம் நான் கவனித்த விஷயம் ஒன்று உண்டு. கிளப் என்று வந்தால் என்னைவிடக் கறார். "பதினான்காம் இடம் வந்தால் போதும், அதற்கு மேல் பேசுகிறவன் டிக்கெட் விற்க வந்தவன்" என்பார். புது வீரர் வாங்கினால் வயசு என்ன, முட்டி எப்படி, சம்பளம் எவ்வளவு என்று கேட்பார். அதே மனிதர் நாட்டைப் பற்றிப் பேசும்போது சாம்பியன்ஸ் லீக்தான். உலகமே பிரிட்டனோடு வியாபாரம் செய்ய வரிசையில் நிற்கிறது என்பார். அந்த வரிசையின் முட்டியை அவர் பார்த்ததே இல்லை.

முட்டாள்தனமா? இல்லை ஐயா. அணிக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் மார்க் ஷீட் வருகிறது. எத்தனை புள்ளி, எத்தனை கோல், எந்த இடம் என்று மாலை ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும். எந்தத் தலைவரும் பதினேழாம் இடத்தை ஏழாம் இடம் என்று சொல்லி ஏமாற்ற முடியாது. நாட்டின் வர்த்தகக் கொள்கைக்கு அப்படி ஒரு அட்டவணை கிடையாது. பலன் வருவதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும், அதுவும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும். வாக்குறுதி கொடுத்தவர் அதற்குள் பதவி மாறி, புத்தகம் எழுதி, சொற்பொழிவுக்குப் போய்விடுவார். அதனால்தான் கிளப்பைவிட நாட்டுக்குக் கணக்கு அதிகம் தேவை என்கிறேன்.

அந்த அட்டவணையைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போமா? 2017இல் வர்த்தக அமைச்சர் லியம் ஃபாக்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தோடு போடப்போகும் ஒப்பந்தம் மனித வரலாற்றிலேயே மிக எளிதானவற்றில் ஒன்றாக இருக்க வேண்டும் என்றார். கையெழுத்தானது 2020 டிசம்பர் 30ஆம் தேதி, கெடு முடிய ஒரே ஒரு நாள் இருக்கும்போது. சுங்கவரி இல்லை, உண்மைதான். ஆனால் படிவம் உண்டு, கால்நடை மருத்துவர் கையெழுத்து உண்டு, எந்த நாட்டுப் பொருள் என்பதற்குச் சான்று உண்டு. என் பக்கத்து இருக்கைப் பெரியவர் டோவர் துறைமுகம் வழியாகப் பாலாடைக்கட்டி ஏற்றிப் போன காலத்தில் அவர் கையில் இருந்தது ஒரு டெலிவரி நோட்டு. இப்போது அவருடைய மகன் லாரி ஓட்டுகிறார், கையில் ஒரு ஃபைல் கட்டு.

நாட்டின் வரவுசெலவுக் கணிப்புகளைப் போடும் சுயேச்சையான அரசு அமைப்பு ஒன்று இருக்கிறது, ஓபிஆர் என்பார்கள். வெளியேறியதால் நீண்ட காலத்தில் நாட்டின் உற்பத்தித் திறன் நான்கு சதவீதம் குறையும் என்பது அவர்களுடைய மதிப்பீடு. எதிர்ப் பக்கத்தில் வரவு வைக்க என்ன இருக்கிறது? ஆஸ்திரேலியா ஒப்பந்தம். அரசாங்கமே போட்ட கணக்கில் நாட்டின் மொத்த உற்பத்தி கூடுவது 0.08 சதவீதம். இந்திய ஒப்பந்தம், அதுவும் அரசாங்கக் கணக்கு, 0.13 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 0.21. நான்கை எட்ட இதுபோல் பத்தொன்பது ஜோடி வேண்டும் ஐயா. உலகத்தில் அத்தனை இந்தியா இல்லை. எல்லாமே மதிப்பீடுதான், முன்பின் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புள்ளி எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

ஆஸ்திரேலியா ஒப்பந்தம் எப்படி நடந்தது என்பது கால்பந்து ரசிகனுக்கு உடனே புரியும். 2021 ஜூனில் கார்ன்வாலில் ஜி7 மாநாடு. அதற்கு முன்னால் முடித்தே ஆக வேண்டும் என்று இவர்களே ஒரு தேதி குறித்துக்கொண்டார்கள். கால்பந்தில் வீரர்கள் பரிமாற்றத்துக்குக் கடைசி நாள் என்று ஒன்று வரும். அப்போதெல்லாம் ராத்திரி பதினோரு மணிக்குக் கதவு மூடும். பத்தரைக்கு ஓடிப்போய் வாங்குகிறவனுக்கு என்ன விலை சொல்வார்கள்? எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், வாங்க வந்தவனே விலையை ஏற்றுவான். மாட்டிறைச்சிக்கும் ஆட்டிறைச்சிக்கும் கதவைத் திறந்துவிட்டோம், கைக்கு வந்தது கொஞ்சம் என்று விவசாயிகள் கத்தினார்கள். ஒப்பந்தம் பேசியபோது சுற்றுச்சூழல், வேளாண்மை அமைச்சராக இருந்த ஜார்ஜ் யூஸ்டிஸே, பதவி போன பிறகு 2022 நவம்பரில் நாடாளுமன்றத்தில் எழுந்து, அது ஒன்றும் அவ்வளவு நல்ல ஒப்பந்தம் இல்லை என்றார். கனவு கலைந்து எழுந்திருக்க அவருக்குப் பதவி போக வேண்டியிருந்தது.

கனடாவோடும் பேசினார்கள். பழைய ஏற்பாடு 2023 முடிவில் காலாவதியானது, பிரிட்டன் பாலாடைக்கட்டிக்கு 245 சதவீத வரி வந்து நின்றது. 2024 ஜனவரியில் பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டார்கள். உள்ளதும் போச்சு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் தேடவில்லை.

அமெரிக்கா? 2025க்கு முன்னால் பிரிட்டன் காருக்கு அமெரிக்காவில் 2.5 சதவீத வரி. டிரம்ப் அதை 27.5 ஆக்கினார். மே 8ஆம் தேதி ஒப்பந்தம் போட்டு ஆண்டுக்கு ஒரு லட்சம் காருக்கு 10 சதவீதம் என்று குறைத்துக்கொண்டார்கள். இரண்டரை பத்தானதை வெற்றி என்று டிவியில் சொன்னார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். பதினேழாம் இடத்தில் தப்பித்து மைதானத்தைச் சுற்றி வந்து கையாட்டியவர்கள் நாங்கள், அந்தச் சந்தோஷம் எங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இருந்த நிலைமைக்கு அது நல்ல முடிவுதான். கணக்குப் போட்டவர்கள் எடுத்த முடிவு. அதற்கு முன்னால் பல ஆண்டாக "அமெரிக்காவோடு மாபெரும் ஒப்பந்தம்" என்று சொல்லிக்கொண்டிருந்த கனவு அணிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

இப்போது அக்கா கேட்ட இந்தியா. 2022 ஏப்ரலில் போரிஸ் ஜான்சன் டெல்லிக்குப் போனார். தீபாவளிக்குள் முடித்துவிடுவோம் என்றார். தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுத்தவன் டெய்லரிடம் கேட்கிற கேள்வியை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். எந்த தீபாவளி? மூன்று தீபாவளி போனது. பிரதமர்களும் போனார்கள். 2025 மே 6ஆம் தேதிதான் பேச்சு முடிந்தது, ஜூலை 24ஆம் தேதி கையெழுத்தானது. தேதியைத் தூக்கிப் போட்ட பிறகு, விஸ்கிக்கு எவ்வளவு, காருக்கு எவ்வளவு என்று வரிக்கு வரி உட்கார்ந்து பேசியதில் வந்த ஒப்பந்தம் அது. விஸ்கி வரி 150இல் இருந்து 75 ஆகி, பத்து ஆண்டில் 40க்கு வரும். அங்கிருந்து வரும் துணிக்கும் காலணிக்கும் இறாலுக்கும் இங்கே வரி போகும். நல்ல ஒப்பந்தம், நான் மனதாரச் சொல்கிறேன். அது எங்கள் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பை. மூன்றாம் தரம், ஆனால் நிஜம். அதைத் தூக்கிக்கொண்டு ஆடுங்கள். சாம்பியன்ஸ் லீக் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

திருப்பூருக்கு என்ன கிடைக்கும் என்று நீங்கள் என்னிடம் கேட்கக் கூடாது, என் தாய்மாமாவிடம் கேட்க வேண்டும். சின்ன யூனிட் வைத்திருக்கிறார். அவர் மேஜையில் எப்போதும் ஒரு காஸ்டிங் ஷீட் இருக்கும். நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பாலிபேக், அட்டைப்பெட்டி, தூத்துக்குடி வரை லாரி. கடைசி வரியில் அவருக்கு ஒரு சட்டையில் நிற்கும் காசு. அந்தக் கடைசி வரியைப் பென்சிலில்தான் எழுதுவார். பையர் ஒரு பீஸுக்கு ஐந்து சென்ட் குறைத்துக் கேட்டு மெயில் போட்டால் அழித்து எழுத வேண்டுமே. பங்களாதேஷ் துணி இந்த நாட்டுக்கு வரி இல்லாமல் வந்துகொண்டிருந்தது, நம் துணிக்குப் பத்து சதவீதம் போல வரி. அந்தப் பள்ளத்தில் நின்றுகொண்டுதான் இத்தனை ஆண்டு ஆடினார். ஒப்பந்தம் கையெழுத்தான அன்று ராத்திரி ஃபோன் போட்டேன், சந்தோஷமாக. அவர் சொன்னார்: "வரி போனா நல்லதுதான் மாப்ளை. ஆனா அந்தப் பத்து பெர்சன்டை பையர் வெலைல கொறச்சுக் கேப்பான். பாதி அவனுக்குப் போயிரும். மீதிப் பாதி நமக்கு நிக்குதான்னு பாக்கலாம். நூல் வெலை வேற ஏறிட்டுக் கெடக்குது."

அக்கா, நீங்கள் என் மாமாவைக் கனவு அணியில் சேர்த்துக்கொண்டு கைத்தட்டல் வாங்கினீர்கள். அவர் பிறவியிலேயே எங்கள் அணி.

ஃபுட்பாலும் வர்த்தகக் கொள்கையும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2021 ஜனவரி 1ஆம் தேதி முதல் ஐரோப்பிய வீரர்கள் இங்கே ஆடுவதற்கும் புள்ளிக் கணக்கு வந்துவிட்டது. தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம், எந்த லீக், எத்தனை நிமிஷம் என்று கூட்டிப் பார்த்துத்தான் அனுமதி. பதினெட்டு வயதுக்குக் கீழே வெளிநாட்டுப் பையனை வாங்கவே முடியாது. பதினாறு வயதில் பார்சிலோனாவில் இருந்து ஆர்சனலுக்கு வந்த ஃபாப்ரிகாஸ் இன்றைக்கு வர முடியாது. இங்கிலாந்துப் பையன்களுக்கு வாய்ப்பு கூடும் என்பது அதில் இருந்த கனவு. பெரிய கிளப்புகள் என்ன செய்தன? வேலியைத் தாண்டவில்லை, சுற்றிக்கொண்டு போயின. பிரைட்டன் ஜப்பானில் இருந்து மிதோமாவை 2021இல் வாங்கியது. அனுமதிக்குப் புள்ளி போதவில்லை. உடனே பெல்ஜியத்தில் யூனியன் சாங் ஜில்வாஸ் அணிக்குக் கடனாக அனுப்பி, ஒரு சீசன் ஆடவிட்டு, புள்ளி சேர்ந்த பிறகு கூட்டி வந்தார்கள். அந்த பெல்ஜியம் கிளப்பில் பங்கு வைத்திருந்தவரும் பிரைட்டன் முதலாளி டோனி புளூம்தான். இரண்டு நாட்டில் கிளப் வைத்திருப்பவனுக்கு எல்லை ஒரு சின்னத் தாமதம். ஒரே ஒரு கிளப்பும், வீரர்களைத் தேடித் தரும் ஒரே ஒரு ஸ்கௌட்டும் வைத்திருப்பவனுக்கு அது சுவர். வேலி போட்டால் யாருக்கு வலிக்கும் என்று கேட்காமல் போடுகிற கொள்கை இப்படித்தான் ஆகும். சௌஃபல் எங்களுக்கு வந்தது 2020 அக்டோபர். கதவு மூட மூன்று மாதம் இருக்கும்போது. பிழைத்தோம்.

கனவே காணாதீர்கள் என்று நாங்கள் சொல்வதாக எதிரணி திரும்பத் திரும்பச் சொல்கிறது. இந்த பிரைட்டன்தான் 1997இல் சொந்த மைதானத்தை இழந்து, ஹெரஃபோர்டில் கடைசி நாளில் சமன் செய்ததால் மட்டும் லீக்கில் தங்கிய அணி. தொலைவில் இருக்கும் ஜில்லிங்ஹாமில் வாடகைக்கு ஆடியது, அப்புறம் ஒரு தடகள மைதானத்தில் ஆடியது, 2011இல் சொந்த மைதானம், 2017இல் பிரீமியர் லீக், 2023இல் ஆறாம் இடம். யாருமே கனவு காணாமலா இது நடந்தது? கண்டார்கள். விலைப்பட்டியலோடு கண்டார்கள். வாங்கிய விலை தெரிந்து, விற்கும் விலை தெரிந்து, கைசேடோ என்ற வீரரை 100 மில்லியன் பவுண்டுக்கு மேல் விற்கும்போது கண் கலங்காமல் விற்றார்கள்.

மணி அடிக்கிறார் நடுவர். முடித்துக்கொள்கிறேன் ஐயா, இன்னும் ஒரே நிமிஷம்.

எனக்கு அடுத்து கனவு அணியில் பேச வரும் அண்ணன் லீட்ஸ் யுனைடெட் ரசிகர் என்று கேள்விப்பட்டேன். அண்ணன் நிச்சயமாக 2001 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியைச் சொல்வார். அதைச் சொல்லும்போது, அடுத்த ஆண்டுகளின் டிக்கெட் வசூலை அடமானம் வைத்து 60 மில்லியன் பவுண்டு போல கடன் வாங்கியதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். 2004இல் கீழே இறங்கி மைதானத்தையே விற்றதையும், 2007இல் மூன்றாம் பிரிவுக்குப் போனதையும், திரும்பி மேலே வரப் பதினாறு ஆண்டு ஆனதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் கிளப் தலைவரின் அலுவலகத்தில் மாத வாடகைக்குத் தங்கமீன் வளர்த்தார்கள் ஐயா. அந்த மீனுக்கு வாடகை கட்டியது யார் என்று மட்டும் அண்ணனைக் கேளுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் மழையில் நின்று டிக்கெட் வாங்கிய அவர்தான்.

நன்றி, வணக்கம்.